நெருக்கடி நேரத்தில் திருமலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

2022 ஜூன் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து நாங்கள் நாலு பேரும் திருமலைக்கு, அதாவது இலங்கையின் திருகோணமலைக்கு, போனோம். ரிக்கெற் போட்டது ஜனவரியில். அப்போது நாட்டின் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டும் பால்மாத் தட்டுப்பாடும்தான் பேச்சாக இருந்தன. நாங்கள் போய் இறங்கிய கிழமையில், அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு எவருக்கும் ஜூலை 10 வரை பெற்றோல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. திரும்பிய நாளில் ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போய்விட்டார். அந்த இரண்டு கிழமையில் நாங்கள் சரியாகச் செய்ததும் பிழையாகச் செய்ததும் இனிப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், போவதா விடுவதா என்ற கேள்வி. கொழும்புச் செய்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்காக, கொழும்பில் நடப்பது திருமலைக்கு வராது என்றும் நினைக்காதீர்கள். அந்த வருசம் மே 9 கொழும்புக் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களை அரசாங்கத்தின் ஆதரவாளர்கள் தாக்கினார்கள். அன்றே பதவி விலகிய பிரதமர் மறுநாள் திருமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அதன் வாசலில் சனம் கூடிவிட்டது. ஒரே இரவில் நிலைமை மாறும். அதனால் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் "வரலாமா?" என்று கேட்டால் மாமி "வாங்கோ" என்றுதான் சொல்லுவா. வராதே என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வராது. கேட்க வேண்டியவை வேறு. சமையல் காஸ் கடைசியாக எப்போது வந்தது? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கரண்ட் இல்லை? கிணற்று மோட்டர் ஓடுதா? சந்தைக்கு மீன் வருதா? இந்தப் பதில்களைக் கேட்டாலே நிலைமை விளங்கிவிடும்.

இவற்றை நாங்கள் கேட்காமல்தான் போனோம். மூன்றாம் நாள் மச்சான் தன் ஆட்டோவில் எங்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனான். பிரெடெரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் பிள்ளைகள் மான்களைக் கண்டு இறங்கிவிட்டார்கள். சுவாமி மலையில் கச்சான் காற்று ஆளைத் தள்ளியது. நல்ல நாள். வீட்டுக்கு வந்த பிறகு, கொல்லையில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்துக்கொண்டிருந்த மாமி, ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னா: நாங்கள் வருகிறோம் என்று அவன் பெற்றோல் செட் வரிசையில் இரண்டு இரவு ஆட்டோவுக்குள்ளேயே படுத்துக் கிடந்தானாம். கிடைத்ததில் பாதியைப் போத்தலில் ஊற்றி, கட்டிலுக்குக் கீழே எங்களுக்கென்று வைத்திருந்தானாம். லீற்றர் 470 ரூபாய். விலையை விடுங்கள், அந்தப் பெற்றோல்தான் அவனுடைய உழைப்பு. அதில் நாங்கள் மான் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அடுத்த மாதம் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோதும் ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் கொடுத்தார்கள்.

அன்று முதல் ஒரு விசயத்தில் உறுதியாக இருந்தோம்: வீட்டாரின் பெற்றோல், காஸ், மருந்து மூன்றிலும் கை வைப்பதில்லை. போகிற எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். உங்கள் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எப்படியும் யோசிப்பீர்கள். உங்களால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பாரம் என்பதையும் யோசியுங்கள்.

சரி, எப்படிப் போவது? கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திருமலைக்கு வானில் ஆறு மணித்தியாலம் வேண்டும். எரிபொருள் இல்லாத காலத்தில் வான்காரர் கேட்கும் காசு ஒரு பக்கம், வழியில் நின்றுவிடுவோமோ என்ற பயம் மறு பக்கம். இரவு ரயில்தான் நல்லது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறினால் கல்லோயாச் சந்தியில் பாதை பிரிந்து, விடியத் திருமலையில் இறங்கலாம். இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். வாகனம் ஓடாத காலத்தில் எல்லாச் சனமும் ரயிலுக்குத்தான் வரும். ஊருக்குள் சைக்கிளும் நடையும் போதும். நாங்கள் தங்கியிருந்த அன்புவழிபுரத்திலிருந்து நான் பிள்ளைகளைப் பழைய சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் டச் பே கடற்கரைக்கும் போனேன். கன்னியா வெந்நீரூற்றுக்கு பஸ்ஸில் போனோம். புறாத் தீவை விட்டுவிட்டோம். மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது, உல்லாசத்துக்கு எஞ்சின் படகில் போக மனம் வரவில்லை.

பெட்டியில் சொக்லேற்றைக் குறையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் பிரசர், சீனி மருந்துகளின் பெயரையும் அளவையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் வைத்தியரிடம் காட்டி, கொண்டுபோகக் கூடியதை மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். அந்த வருசம் அரச ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு. உங்களுக்குத் தேவையானதைத் தங்கும் நாட்களைவிட இரண்டு கிழமை கூடுதலாக எடுங்கள். சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் விளக்கு இரண்டு, பவர் பேங்க் ஒன்று, பால்மா. பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நாங்கள் போனபோது குறைந்திருந்தது, ஆனாலும் வேர்க்குருவோடு பிள்ளைகள் நித்திரை கொள்ள ஒரு விசிறிமட்டை பெரிய உதவி.

காசை வங்கியில் மாற்றுங்கள். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 வரை போனது. அதனால் எல்லாவற்றையும் முதல் நாளே மாற்ற வேண்டாம். வீட்டுச் செலவுக்கான காசை, போகிற நாளில் கொடுக்காமல், வந்த அன்றே மாமியின் கையில் கொடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் அது அன்பளிப்பு, வாங்க மறுப்பார்கள். முதல் நாளில் கொடுத்தால் சாமான் வாங்கும் காசு, வாங்கிக்கொள்வார்கள்.

பயணக் காப்புறுதியை வாசித்துப் பாருங்கள். உங்கள் நாட்டு அரசாங்கம் 'போகவேண்டாம்' என்று அறிவித்த இடத்துக்குப் போனால் பல காப்புறுதிகள் பணம் தராது. திகதி மாற்றக் கூடிய ரிக்கெற்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. இலங்கையில் பிறந்திருந்தாலும், இரட்டைக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவருக்கு விசா வேண்டும்.

இனிக் கொஞ்சம் கடினமான விசயம். ஆர்ப்பாட்டம் நடக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், உங்கள் மனம் அவர்கள் பக்கம் இருந்தாலும். போராட்டம் பற்றிச் சமூக ஊடகத்தில் பதிவிட்டதற்காக 2022 ஆகஸ்டில் வெளிநாட்டுப் பெண் ஒருவரின் விசாவை இரத்துச் செய்தார்கள். நமக்கோ அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. 1979 இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். கைபேசியில் என்ன படங்கள் கிடக்கின்றன என்று விமானம் ஏற முன்பே பாருங்கள். காவலரண், கடற்படைத் தளம், கோட்டைக்குள் இராணுவம் இருக்கும் பகுதி எதையும் படமெடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். விசாரிக்க வருகிறவர்கள் மச்சான் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

தொலைபேசி எண்களைக் கடதாசியில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். நாங்கள் போக முன்பு, ஏப்ரல் 3 அன்று, இலங்கையில் வாட்ஸ்அப்பும் முகநூலும் பல மணித்தியாலம் முடங்கின. வாட்ஸ்அப் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அம்மாவின் எண்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. பொலிசுக்கு 119, இலவச அம்புலன்சுக்கு 1990, இரண்டையும் அதே தாளில் எழுதுங்கள்.

திரும்பும் பயணத்துக்கு ஒரு முழு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். எங்கள் விமானம் ஜூலை 13 இரவு. 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த செய்தி வந்ததுமே, 12 ஆம் திகதி காலையில் புறப்பட்டு நீர்கொழும்பில் ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் மேல் மாகாணத்துக்கு ஊரடங்கு போட்டார்கள். விமான நிலையம் போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டும் விமான ரிக்கெற்றும்தான் அனுமதிப் பத்திரம். ரிக்கெற்றைக் கடதாசியில் அச்சடித்து வைத்திருந்தோம். இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு இளம் பொலிஸ்காரர் டோர்ச் அடித்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார், கடவுச்சீட்டில் பிறந்த இடம் திருகோணமலை என்பதில் விரலை வைத்து என்னைப் பார்த்தார், பிறகு ரிக்கெற் தாளை மடித்துத் திருப்பித் தந்து போகச் சொன்னார். விளக்கு இரண்டையும் மாமியிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம்.