அப்பாவின் ஷூவும் மெத்தை இன்சோலும்

அப்பாவுக்கு வயது 74, பார்க்கின்சன்ஸ் என்னும் நடுக்குவாதம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா வரை தினமும் நடப்பார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாரே, பாதம் வலிக்குமே என்று, அழுத்தினால் அமுங்கும் மெத்தை இன்சோல் ஒன்றை நானாகவே வாங்கி ஷூவுக்குள் போட்டேன். இரண்டே நாளில் தள்ளாட்டம் கூடிவிட்டது. "தரையே தெரியலடா, பஞ்சுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். போகப் போகப் பழகிவிடும் என்றேன். என் புத்தி!

பிசியோதெரபிஸ்ட் ஷூவைக் கழற்றி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். தடுமாறாமல் நிற்க உள்ளங்கால் அனுப்பும் தகவல் மூளைக்கு வேண்டும், தடித்த பஞ்சு அதை மழுங்கடிக்கும் என்றார். மெல்லிய, கெட்டியான, சின்னச் சின்ன மேடுகள் உள்ளதைப் போடச் சொன்னார். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு இந்த மேடு வைத்தது ஆகாது, தெரியாமலே புண்ணாகிவிடும். அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். ஷூவோடு வந்த அட்டையை எடுக்காமல் அதன் மேலேயே வைத்ததில் குதிகால் வெளியே வழுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த அட்டையையே அளவாக வைத்து, மார்க்கெட் பக்கம் உட்காரும் செருப்புத் தைப்பவர் புதியதைக் கோடு போட்டு வெட்டித் தந்தார்.

இப்போது தள்ளாட்டம் குறைந்திருக்கிறது. குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நகராமல் நின்றுவிடுவது மட்டும் இன்சோலுக்கு மசியவில்லை. சரி, அதற்கு ஓர் எட்டு வைக்கும் இடைவெளியில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினோம். ஒவ்வொரு கோடாகப் பார்த்துத் தாண்டிப் போகிறார். பேத்திக்கு அது பாண்டிக் கட்டம்.