டெக்சாஸ் வாழ்நாள் உரிமம்: டேக் சிக்கலுக்கு நான் செய்தது

டெக்சாஸில் 1,800 டாலர் கட்டி வாழ்நாள் சூப்பர் காம்போ (வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சேர்த்த உரிமம்) எடுத்தாலும், அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போக முடியாது. சுட்ட விலங்கின் உடலில் கட்ட வேண்டிய சீட்டுகளான மான், வான்கோழி டேக்குகள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31-உடன் செல்லாமல் போகும். அதனால் சீசனுக்கு முன்பே உரிமம் விற்கும் கடையில் புது டேக் வாங்கிவிடுகிறேன். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. புறா, வாத்து சுடுபவர்கள் அங்கேயே ஹிப் (HIP) எனும் வலசைப் பறவை வேட்டைக்காரர் பதிவையும் முடித்துவிடுவது நல்லது. வாத்துக்கு மத்திய அரசின் டக் ஸ்டாம்ப் எனும் வாத்து வேட்டை முத்திரை தனியாக வேண்டும், வாழ்நாள் உரிமம் அதை ஈடு செய்யாது.

மான் விழுந்த உடனே டேக்கில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, மற்ற விவரங்களை மையால் நிரப்பி உடலில் கட்டுங்கள். பேனாவால் தேதியை வட்டமிட்டால் செல்லாது. பையில் எப்போதும் ஒரு சிறு கத்தி இருக்கட்டும்.

பணியிலிருக்கும் டெக்சாஸ்வாசி ராணுவத்தினர் 1,800 டாலர் கட்ட அவசரப்பட வேண்டாம். அவர்களுக்கு ஆண்டு சூப்பர் காம்போ இலவசம். ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் போதாது. முன்னாள் வீரருக்கு இலவசம் வேண்டுமென்றால், பணியால் வந்த ஊனம் 50 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது பணியால் கால் செயலிழந்தது என்று காட்டும் படைவீரர் நலத் துறைச் சான்று கையில் இருக்க வேண்டும்.