ஊர் வரலாறு எழுதப் போகிறீர்களா? ஏரிக்கரையில் தொடங்குங்கள்

பாலக்கோடு பக்கம் பல வருடம் சமூக அறிவியல் பாடம் நடத்தினேன். "சார், எங்க ஊர் வரலாறு எழுதணும், அதியமான்ல ஆரம்பிக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அதியமான் தகடூர் நாட்டுக்கே, அதாவது இன்றைய தருமபுரிப் பகுதி முழுவதற்குமே பொது. உங்கள் ஊருக்கென்று இருப்பது உங்கள் ஏரி.

நல்ல மழை பெய்த மறுநாள் கரைமேல் நடங்கள். எந்தக் கரட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, மதகு எங்கே, ஏரி நிறைந்து கோடி வழியாக வழிந்தால் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது, கடைசியில் சேருவது தென்பெண்ணையிலா, சின்னாறு வழியாகக் காவிரியிலா என்று பாருங்கள். இதைக் கையால் ஒரு படமாக வரைந்தாலே பாதி புவியியல் முடிந்தது.

அப்புறம் வேடியப்பன் கோயிலுக்குப் போங்கள். நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் பல இடங்களில் பழைய நடுகல்தான், இறந்த வீரனுக்கு நட்ட கல். இங்கிலாந்தின் சிற்றூர்களில் 1538-இல் வந்த உத்தரவின்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் தேவாலயத்தில் பதிந்து வந்தார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். நமக்கு அதைவிடப் பல நூற்றாண்டு பழைய கல்லே கிடைக்கிறது.

பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, இருட்டிய பிறகு ஒரு டார்ச்சோடு போங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல், கல்லின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து நிழல் விழுந்து எழுந்து நிற்கும். 'தொறு' என்றால் மாட்டு மந்தை, 'பட்டான்' என்றால் இறந்தான். இந்த இரண்டு சொல் தெரிந்தாலே, மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் மாண்டவன் கல் என்று புரிந்துவிடும். படம் எடுத்துத் தருமபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கவே கூடாது. பக்கத்து ஊரில் திருவிழாவுக்காக ஒரு கல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடித்து, எழுத்தெல்லாம் அடைந்து போனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

காகிதங்களுக்கு வி.ஏ.ஓ. அலுவலகம். 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். நஞ்சை, புஞ்சை, ஓடை, மயானம் எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கும். பழைய ஆவணம் தேடும்போது சேலம் மாவட்டம் என்று தேடுங்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அதற்கும் முன்னால் இது பாரமகால். 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள்.

பெரியவர்கள் வருடத்தை எண்ணில் சொல்ல மாட்டார்கள். "தாது வருஷப் பஞ்சத்துல எங்க பாட்டன் வந்து குடியேறினார்" என்றால் 1876 என்று குறித்துக்கொள்ளுங்கள். கொல்லைகளின் பெயரையும் விடாமல் கேளுங்கள், சர்வே எண்ணில் அது வராது. 'புளியமரத்துக் கொல்லை' என்று ஒரு பாட்டி காட்டிய இடத்தில் மரமே இல்லை. மரம் எங்கே என்று கேட்டேன்.

"ரோடு போடறப்ப வெட்டிட்டாங்க வாத்தியாரே. உங்க வண்டி நிக்குதே, அந்த எடந்தான்."