செவிலியர் பணியில் நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

போன வாரம் நைட் டியூட்டி முடிகிற நேரம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இரவு முழுவதற்குமான பி.பி. அளவுகளை ஒரே மூச்சில் சார்ட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். கேட்டால், "ஆடிட் வருதாம் அக்கா, காலியா இருக்கக் கூடாதாம்" என்றாள். முதல் வருடத்தில் நானும் இதையேதான் செய்தேன். கை கழுவுவது, பெயர் கேட்டுச் சரிபார்ப்பது எல்லாம் படிக்கும்போதே சொல்லித் தந்திருப்பார்கள். வார்டில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தரம் என்றால் ஃபைல் என்று நினைப்பது

மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பார்க்க வேண்டும் என்று டோனபீடியன் என்ற மருத்துவத் தர ஆய்வாளர் 1966-இல் எழுதினார். ஒரு ஷிப்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதும் அந்த அமைப்பில் சேர்த்திதான். எடுக்காத பி.பி.யை நிரப்பினால், காலையில் வரும் டாக்டர் அந்த எண்ணை நம்பி மருந்தை மாற்றுவார். எடுக்க முடியவில்லை என்றால் காரணத்தோடு அப்படியே எழுதுங்கள். ஆள் போதவில்லை என்பதற்கு நம் கையில் இருக்கும் சாட்சி அந்த வரிதான். அதை நாமே அழித்துவிடுகிறோம்.

சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுப்பது

வேண்டாம்.

நியர் மிஸ்ஸை (நோயாளியை எட்டாமல் நூலிழையில் தப்பிய பிழையை) விழுங்கிவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அதிகாலை மூன்று மணி. ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க ட்ரேயிலிருந்து பத்து மில்லி ஆம்பூல் (மூடிய சிறு மருந்துக் குப்பி) ஒன்றை எடுத்தேன். டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்துத்தான் கை போனது. கழுத்தை உடைக்கும் முன் எழுத்து கண்ணில் பட்டது: பொட்டாசியம் குளோரைடு. அதே அளவு, அதே நிறமற்ற திரவம், பக்கத்துக் கட்டம். நீர்க்காமல் நேரே ரத்தக் குழாயில் போனால் இதயத்தையே நிறுத்திவிடும் மருந்து. திரும்ப வைத்துவிட்டு சரியானதை எடுத்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடர்ந்து டியூட்டி பார்த்த அசதி என்று மனதுக்குள் முடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அதே ட்ரேயிலிருந்து இன்னொரு சிஸ்டர் அதே ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் ஏற்றியே விட்டாள். சரிபார்க்க வந்த சீனியர் காலி ஆம்பூலைக் காட்டச் சொன்னதால் தப்பியது. அவள் விடியும்வரை அழுதாள். அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். ட்ரே மட்டும் அப்படியே இருந்தது. நான் அன்றைக்கே நாலு வரி ரிப்போர்ட் எழுதியிருந்தால் அவளுக்கு அந்த இரவு வந்திருக்காது.

அடர்த்தியான பொட்டாசியத்தை வார்டுகளில் வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே பரிந்துரைத்தது. அது அங்கே இருப்பதே பிழை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ரிப்போர்ட்டில் எந்த ட்ரே, எத்தனை மணி, கையில் எத்தனை நோயாளிகள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் அறிவுரை சொல்லி ஃபைலை மூடிவிடுவார்கள். எழுதினால் நம் மேலேயே திரும்புமே என்ற பயம் பொய்யில்லை, சில இடங்களில் திரும்பும். அங்கே ஷிப்டில் இருந்த இரண்டு பேராகச் சேர்ந்து எழுதுங்கள்.

மருந்து தயார் செய்யும் சிஸ்டரிடம் பேச்சுக் கொடுப்பது

2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழைகள் சுமார் 12 சதவீதம் கூடின. போன் அடித்தால் அடிக்கட்டும்.

சோர்வைத் தன் குறையாக எடுத்துக்கொள்வது

"எனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை போல" என்று இளையவர்கள் சொல்லும்போது மனசு வலிக்கிறது. அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி 2002-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. செவிலியரின் பணிச்சோர்வும் அதோடு சேர்ந்து ஏறியது. அதனால் இன்சார்ஜிடம் போகும்போது "முடியல மேடம்" என்று நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் டியூட்டியில், எந்தெந்த மருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று தேதி போட்டுக் கொடுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.