கடி இல்லாட்டிச் சொறி இல்லையெண்டு இருந்திடாதேங்கோ

வன்னியில சொறி எண்டால் ஆருக்குத் தெரியாது, முகாமில இருந்த ஆக்களைக் கேட்டால் விடிய விடியச் சொறிஞ்ச கதை சொல்லுவினம், அதால கடிச்சால், அதாவது அரிச்சால்தான் சொறி எண்டு எங்களுக்குப் பதிஞ்சு போச்சு. எங்கட அம்மம்மாவின்ர விசயத்தில நாங்களும் அப்பிடித்தான் ஏமாந்தனாங்கள். கையிலயும் நகத்தடியிலயும் சாம்பல் நிறத்தில தடிச்ச பொருக்கு, மனிசி பெரிசாச் சொறியவே இல்லை, கிணத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்ல எண்டு தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தம்.

அது பொருக்குச் சொறி. சாதாரண சொறியில அதை உண்டாக்கிற சின்னப் பூச்சி உடம்பில 10, 15தான் இருக்கும், இதில ஆயிரமாயிரமா, சிலருக்கு லட்சக்கணக்கில. 1848ல நோர்வேயில தொழுநோய்காரரில கண்டு எழுதினதால நோர்வீஜியன் சொறி எண்டும் சொல்லுவினம் (அங்க இருக்கிற சொந்தக்காரர் கொண்டு வந்ததில்லை!). வயசு போனவை, கனகாலமா ஸ்டெராய்ட் குளிசை எடுக்கிறவை, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவை, சண்டையில முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில இருக்கிறவை எண்டால் கவனம், உணர்ச்சி இல்லாத இடத்தில கடியும் தெரியாது சொறியவும் ஏலாது.

பெரிய பிழை பார்மசியில கேட்டு ஸ்டெராய்ட் கிறீம் வாங்கிப் பூசுறது. சிவப்பு அடங்கும், வீட்டில எல்லாரும் சந்தோசப்படுவினம், உள்ளுக்குப் பூச்சி பெருகிக்கொண்டே போகும்.

அடுத்தது பொருக்குக்கு மேல மருந்தைப் பூசிப்போட்டு விடுறது. மருந்து உள்ளுக்குப் போகாது. பொருக்கை இளக்குற கிறீமும் டொக்டர் தருவார், நகத்தை ஒட்ட வெட்டி நகத்தடிக்கும் பூசோணும், வயசானவைக்குத் தலை முகம் காதடியும் விடக்கூடாது, கண்ணும் வாயும் மட்டும் தவிர. இந்த வகைக்குச் சொறிக்குப் பூசுற பெர்மெத்ரின் கிறீம் மட்டும் காணாது, பூச்சியைக் கொல்லுற ஐவர்மெக்டின் குளிசையும் நாள் கணக்கு வைச்சுப் பலமுறை குடுப்பினம், ஒருக்காக் குடுத்திட்டு நிப்பாட்டினால் திரும்ப வரும்.

கடி இல்லாத ஆக்கள் எனக்கேன் எண்டு நழுவுவினம், எங்கட வீட்டிலயும் ஒராள் நழுவினது. முதல்முறை தொத்தினால் கடி தொடங்கவே 4 தொடக்கம் 6 கிழமை செல்லும், அதுக்குள்ள மற்றவைக்குக் குடுத்திடுவியள். எல்லாரும் ஒரே நாளில பூசோணும், பராமரிக்க வாறவையும்தான். உடுப்பு, பெட்ஷீட் எல்லாம் சுடுதண்ணியில தோய்ச்சு வெயிலில போடுங்கோ, உதிர்ற செதிளிலயும் பூச்சி இருக்கும், பாயையும் கதிரையையும் மறக்கவேண்டாம்.

மருந்து முடிஞ்சும் சில கிழமை கடி இருக்கலாம், அதுக்காக நீங்களா அள்ளிப் பூசாதேங்கோ. தோல் வெடிப்பில சீழ் வைச்சு காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாள் வரட்டும் எண்டு பாத்திருக்காமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ, கிருமி ரத்தத்தில ஏறினால் ஆள் தப்புறது கஷ்டம்.