இலையுதிர்காலச் சருகுகளை உரத்துக்காகச் சேமித்தல்

வீட்டு உரத்தொட்டிக்குச் சமையலறைக் கழிவு ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதனுடன் கலக்க வேண்டிய காய்ந்த இலைகளோ இலையுதிர்காலத்தின் சில வாரங்களில்தான் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆகவே அப்போதே சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 30 பங்கு கார்பன் என்ற அளவில் கலவை அமைந்தால், நுண்ணுயிர்கள் விரைவாகவும் துர்நாற்றமின்றியும் அதை மக்கச் செய்யும்.

மழை பெய்யாத நாளில், இலைகள் நொறுங்கும் பதத்தில் இருக்கும்போது வாரி எடுங்கள். நோய்ப் புள்ளிகள் உள்ளவற்றையும், சாலையோரத்தில் எண்ணெய் படிந்து கிடப்பவற்றையும் விட்டுவிடலாம். அடுத்து, தூளாக்குவது, இதை மட்டும் தவிர்க்க வேண்டாம் என்பேன், ஏனெனில் முழு இலைகள், குறிப்பாக அகன்றவை, நனைந்தவுடன் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு காற்றும் நீரும் எளிதில் புகாத அடுக்குகளாகிவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை அவற்றின்மேல் இரண்டு மூன்று முறை ஓட்டினாலே போதும். இடமும் பெருமளவு மிச்சமாகும்.

தூளைக் காற்றோட்டமுள்ள சாக்குகளில் நிரப்பி மழை படாத இடத்தில் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பின் அருகே வேண்டாம். தொட்டியில் கழிவைக் கொட்டும் ஒவ்வொரு முறையும், அதைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு கன அளவுச் சருகால் மூடுங்கள். ஈரம் கசிந்தால் இன்னும் சேர்க்கலாம். குவியல் உலர்ந்து மக்காமல் கிடந்தால் நீர் தெளிக்கலாம்.

ஒரு சாக்கு நனைந்துபோனாலும் கவலையில்லை: அதை அப்படியே ஓர் ஓரத்தில் விட்டுவைத்தால், பூஞ்சைகள் ஓரிரு ஆண்டுகளில் அதை இலைமக்காக மாற்றிவிடும், ஈரத்தை நன்கு பிடித்து வைக்கும் அந்த மக்கை நேராகத் தோட்ட மண்ணில் கலக்கலாம்.