டெக்சஸில் பேச்சு சிகிச்சை உதவியாளர் லைசென்ஸ் வாங்குவது எப்படி?

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் என்பது இந்த வேலைக்குக் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இங்கே டெக்சஸை மட்டும் பார்ப்போம். 2016 முதல் அங்கே இதைக் கவனிப்பது டிடிஎல்ஆர் என்ற மாநில லைசென்ஸ் துறை.

முதலில் உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து வையுங்கள். பேச்சு, மொழிக் குறைபாடுகளை முக்கியப் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம் வேண்டும். அதில் குறைந்தது 24 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) பேச்சு-மொழி சிகிச்சை, செவித்திறன் பாடங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 18 பேச்சு-மொழி சிகிச்சையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சென்னையிலோ மைசூரிலோ பிஏஎஸ்எல்பி என்ற பேச்சு, செவித்திறன் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு வந்தவர்கள் பட்டத்தை அமெரிக்க முறைப்படி மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். ஊரில் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவோடு தனியாகவே நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு உதவியாளர் என்ற பெயர் உறுத்தும், நியாயம்தான். ஆனால் டெக்சஸில் முழுச் சிகிச்சையாளர் ஆக முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதைப் படித்து முடிக்கும்வரை இந்த லைசென்ஸ் நல்ல வழி.

அடுத்து, 25 மணி நேரம் சிகிச்சையைக் கூட இருந்து பார்த்திருக்க வேண்டும், 25 மணி நேரம் உதவியிருக்க வேண்டும். குறைந்தால் பயப்படாதீர்கள். மேற்பார்வையாளரோடு சேர்ந்து அதை ஈடுகட்ட ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கலாம்.

அப்புறம் விண்ணப்பம், கட்டணம், சட்ட விதிகள் பற்றிய ஆன்லைன் தேர்வு, குற்றப் பின்னணிச் சோதனை. இவற்றில் சிக்கல் பெரிதாக இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது மேற்பார்வையாளர் விஷயத்தைத்தான். லைசென்ஸ் கையில் இருந்தாலும், லைசென்ஸ் பெற்ற ஒரு சிகிச்சையாளர் உங்களுக்குப் பொறுப்பேற்றுப் படிவம் கொடுத்து, அதைத் துறை ஏற்றுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கலாம். மேற்பார்வையாளர் மாறினால் புதுப் படிவம். நேர்காணலிலேயே கேளுங்கள்: "என்னை யார் மேற்பார்வை செய்வார்? நான் சிகிச்சை கொடுக்கும்போது நேரில் வருவாரா?" பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

எல்லையும் தெரிந்திருக்கட்டும். படஅட்டை காட்டிக் குழந்தையை "ர" சொல்லவைத்து, எத்தனை முறை சரியாக வந்தது என்று தாளில் குறிப்பது உங்கள் வேலை. "என் பையனுக்கு என்ன பிரச்சினை?" என்று அம்மா கேட்டால், குறைபாட்டுக்குப் பெயர் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, சிகிச்சைத் திட்டத்தை மாற்றவும் கூடாது. மேற்பார்வையாளரிடம் பேசச் சொல்லுங்கள்.

லைசென்ஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.